கார்டன் ரூட்டில் பறக்க ஐந்து நாள்: வரிசையைக் காற்று சொல்லட்டும்

கேள்வி இது: ஜூன் மாதம் தென்னாப்பிரிக்காவின் கார்டன் ரூட் கடற்கரையில் கணவன் மனைவி இருவருக்கும் ஐந்து நாள் இருக்கிறது. பங்கி ஜம்பிங் (ரப்பர் கயிறு கட்டிப் பாலத்திலிருந்து குதிப்பது), ஸ்கைடைவிங் (விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பது), பாராகிளைடிங் (விரித்த துணிச்சிறகில் தொங்கி மிதப்பது) மூன்றையும் செய்ய ஆசை. கணவரின் எடை 102 கிலோ. மனைவிக்கு உயரம் என்றால் கொஞ்சம் பயம். எந்த நாளுக்கு எதை முன்பதிவு செய்வது?

முதல் பதில்: நாள் குறித்து முன்பதிவு செய்யாதீர்கள். அங்கே போய்த் திரும்பும் பலர் இரண்டைச் செய்துவிட்டு ஒன்றை விட்டுவருவதற்குக் காரணம் பயமோ பணமோ அல்ல. திங்கள் இது, செவ்வாய் அது என்று சென்னையிலேயே அட்டவணை போட்டுக்கொண்டு போவதுதான். பாராகிளைடிங்குக்கு வேண்டிய வானிலையும் ஸ்கைடைவிங்குக்கு வேண்டிய வானிலையும் ஏறக்குறைய எதிரெதிரானவை. ஒன்றுக்குக் கடலிலிருந்து சீரான காற்று அடிக்க வேண்டும். மற்றொன்றுக்குக் காற்று அடங்கி, வானம் திறந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று பல நாள்களில் கிடைக்க வாய்ப்பு உண்டு. நீங்கள் குறித்த நாளில் நீங்கள் குறித்ததே கிடைப்பதுதான் அரிது.

இடத்தின் அமைப்பைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது. மோசல் பே ஊரிலிருந்து கிழக்கே ஸ்டார்ம்ஸ் ரிவர் வரை என்-2 நெடுஞ்சாலையை ஒட்டி ஓடும் கடற்கரை இது. தெற்கே இந்தியப் பெருங்கடல். வடக்கே அவுட்டெனிக்வா, சிட்சிகாமா மலைத்தொடர்கள். அவற்றுக்கும் அப்பால் கரூ என்ற வறண்ட மேட்டுநிலம். கரை தெற்கு நோக்கியிருப்பதால் தென்காற்று, தென்கிழக்கு, தென்மேற்கு மூன்றும் கடலிலிருந்து கரைக்கு வருபவை. வடகாற்று மலையிலிருந்து கடலுக்குப் போவது. அடுத்து வரும் ஒவ்வொரு முடிவும் இந்த ஒரு வேறுபாட்டில் நிற்கிறது.

தங்குமிடத்தை நைஸ்னாவில் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து நாளும் ஒரே இடத்தில். ஜார்ஜ் விமான நிலையத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். பாராகிளைடிங் நடக்கும் செட்ஜ்ஃபீல்டு மேற்கே 25 கிலோமீட்டர், வில்டர்னெஸ் அதற்கு அப்பால் இன்னொரு 25. ஸ்கைடைவிங் நடக்கும் பிளெட்டன்பெர்க் பே கிழக்கே 33 கிலோமீட்டர். பங்கி நடக்கும் புளூக்ரான்ஸ் பாலம் ஏறக்குறைய 75. காலையில் எழுந்து காற்றைப் பார்த்த பிறகு மேற்கே போவதா கிழக்கே போவதா என்று முடிவு செய்யலாம். நாளுக்கொரு ஊரில் அறை எடுத்தவர்களுக்கு இந்த வசதி இல்லை. வாடகைக் கார் அவசியம். நம்மூர் போலவே இடப்பக்க ஓட்டம்தான், சாலை நன்றாக இருக்கும். ஜூனில் ஏழரை மணியளவில்தான் விடியும், மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். ஒரு நாளில் இரண்டு பெரிய காரியங்களைத் திணிக்க வேண்டாம்.

இனி ஜூன் மாதத்தின் பெரிய பொறி. அங்கே அது குளிர்காலம். சில நாள்களில் திடீரென்று வெயில் சுள்ளென்று அடிக்கும், வானம் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும், கடல் கரையோரம் தட்டையாகக் கிடக்கும். பறப்பதற்கு இதைவிட நல்ல நாள் வருமா என்று தோன்றும். பாராகிளைடிங்குக்கு அதுதான் மோசமான நாள். கரூவிலிருந்து மலையைத் தாண்டி இறங்கும் வடகாற்று அது, அங்குள்ளவர்கள் பெர்க் காற்று என்பார்கள். மேட்டிலிருந்து இறங்கும்போது காற்று அழுத்தப்பட்டுச் சூடாகிறது, ஈரம் வற்றுகிறது. நமக்கு வாடை என்றால் குளிர். பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம் வடகாற்று சுடும், தென்காற்றுதான் குளிரும். கரைக்குன்றின் உச்சியைக் கடந்து கடலை நோக்கி இறங்கும் காற்று குன்றின் முகப்பில் சுருண்டு சுழலும். பாராகிளைடர் கிளம்பும் ஏவுமிடம் சரியாக அந்தச் சுழலுக்குள் இருக்கும். விரித்த பாராகிளைடர் ஒரு பக்கம் மடிந்துபோவது இப்படிப்பட்ட காற்றில்தான்.

பெர்க் காற்றோடு கதை முடிவதும் இல்லை. அது பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும் குளிர்முகப்புக்கு, அதாவது முன்னேறி வரும் குளிர்காற்றுத் திரளின் விளிம்புக்கு, முன்னோடி. சில மணி நேரத்தில் காற்று அப்படியே திரும்பித் தென்மேற்கிலிருந்து மழையோடு மோதும். 2017 ஜூன் 7 அன்று நைஸ்னாவைச் சூழ்ந்த பெருந்தீ பரவியது இப்படியொரு நாளில்தான்: வறண்ட வெப்பக் காற்று, பின்னாலேயே பலத்த குளிர்முகப்பு. எனவே ஜூனில் வழக்கத்துக்கு மாறாக வெப்பமான காலை விடிந்தால் அன்று கரைக்குன்றில் பறக்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிடுங்கள். பாராகிளைடரை ஓட்டும் நல்ல விமானியும் அதையே சொல்வார். "சீக்கிரம் வந்தால் ஒரு சுற்றுப் போய்விடலாம்" என்று ஒருவர் சொன்னால் அவரோடு போகாதீர்கள்.

முகப்பு கடந்த முதல் நாள் தென்மேற்குக் காற்று முரட்டுத்தனமாக, விட்டு விட்டு அடிக்கும். அன்றும் வேண்டாம். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ காற்று மிதமாகி, தெற்கு, தென்கிழக்குப் பக்கம் நகர்ந்தால் அதுதான் பாராகிளைடிங் நாள். கடலிலிருந்து தடையில்லாமல் வரும் காற்று குன்றில் முட்டி மேலே ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் குன்றை ஒட்டி இங்குமங்கும் மிதக்கிறோம். மலைவெளியில் வெப்ப ஏற்றத்தைத் தேடி அலைவதுபோல் இதில் குலுக்கல் இல்லை, சீராக இருக்கும். செட்ஜ்ஃபீல்டு பக்கம் கரையோரம் நிற்பவை பழைய மணல்மேடுகள் காலப்போக்கில் கல்லாக இறுகியவை. மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் நுரைக்கோடு, மறுபக்கம் வரிசையாக ஏரிகள்.

காற்றின் அளவு முக்கியம். இருவர் பறக்கும் டான்டம் பாராகிளைடரின் இயல்பான வேகம் மணிக்கு சுமார் 38 முதல் 40 கிலோமீட்டர். எதிர்க்காற்று 35 ஆனால் தரையோடு ஒப்பிட்டால் நீங்கள் ஏறக்குறைய நகரவே மாட்டீர்கள். குன்றின் உச்சியில் காற்று இன்னும் நெருங்கி வேகமெடுக்கும், அங்கே சிக்கினால் பின்னோக்கித் தள்ளி, குன்றின் முதுகுப்பக்கச் சுழலில் போட்டுவிடும். 15-க்குக் கீழே என்றால் தாங்கிப் பிடிக்க ஏற்றம் போதாது, நேராகக் கடற்கரையில் இறங்கிவிடுவீர்கள். 18 முதல் 28 வரை நல்ல காற்று. கருவி இல்லாமலும் கணிக்கலாம்: கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தெரிந்தால் 12 முதல் 19. பரவலாகத் தெரிந்தால் 20 முதல் 28. கடலே வெளுத்துக் கிடந்தால் 29-ஐத் தாண்டிவிட்டது, திரும்பிப் போய்விடலாம். விண்டி போன்ற செயலியில் பார்க்கும்போது சராசரி வேகத்தை மட்டும் பார்க்காமல் வீச்சின் உச்ச வேகத்தையும் பாருங்கள். இரண்டுக்கும் 10 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் அந்தக் காற்று நம்பத்தக்கதல்ல.

கரைக்குன்றுப் பறத்தலைப் பற்றி விளம்பரங்கள் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். விமானியின் இருக்கையில் ரிசர்வ் என்ற அவசரகாலப் பாராசூட் இருக்கும். ஆனால் அது விரிந்து வேகத்தைத் தடுக்க உயரம் வேண்டும். குன்றை ஒட்டிச் சில பத்து மீட்டர் உயரத்தில் பறக்கும்போது அந்த உயரம் கிடைக்காமல் போகலாம். ஆகவே இங்கே உண்மையான பாதுகாப்பு ஏவுமிடத்தில் நின்று "இன்று இல்லை" என்று சொல்லும் விமானியின் தீர்ப்புதான். அவரிடம் தென்னாப்பிரிக்க ஹேங்கிளைடிங், பாராகிளைடிங் சங்கமான சாஹ்பாவின் டான்டம் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதற்காக முகம் சுளிப்பவர் தேவையில்லை. கூடவே அன்றைய ஓத நேரத்தையும் கேளுங்கள். அந்தக் கரையில் பெரிய ஓதத்தின்போது நீர்மட்டம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஏறி இறங்கும். உச்ச ஓதத்தில் சில இடங்களில் மணல் நாடா போலக் குறுகிவிடும். அலையில் இறங்க நேர்ந்தால் பாராகிளைடருக்குள் நீர் புகுந்து, பின்வாங்கும் அலை இருவரையும் இழுக்கும். இந்த விளையாட்டில் கடலோர உயிரிழப்புகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். இறங்குமிடம் அகலமாக இருக்கும் நேரத்தில் மட்டும் பறப்பவரைத் தேர்ந்தெடுங்கள்.

ஏறும்போது உங்கள் வேலை ஒன்றுதான்: ஓடுவது. இரண்டு தொடைப்பட்டைகளும் மார்புப்பட்டையும் பூட்டியாயிற்றா என்று நீங்களே தொட்டுப் பாருங்கள். தொடைப்பட்டையைப் பூட்ட மறந்து கிளம்புவது அனுபவசாலிகளிடமே நடந்திருக்கிறது. "ஓடு" என்றதும் கால் தரையை விட்ட பிறகும் இரண்டு மூன்று எட்டு காற்றில் ஓடுங்கள். புதியவர்கள் செய்யும் தவறு, தூக்கும் உணர்வு வந்தவுடன் உட்கார்ந்துவிடுவது. அப்போது இருவரின் எடையும் விமானியின் கால்மீது விழும், கிளைடர் வேகம் எடுக்காமல் தரையில் உரசும்.

கணவரின் 102 கிலோ இங்கே தடையில்லை, ஆனால் கணக்கில் வரும். டான்டம் கிளைடர் ஒவ்வொன்றுக்கும் மொத்த எடை வரம்பு உண்டு, பெரியவை சுமார் 220 கிலோ வரை தாங்கும். உங்கள் 102, விமானியின் 80, உபகரணம் 20 என்றால் 202. வரம்புக்குள் இருந்தாலும் கனம் கூடினால் வேகமாக இறங்கும், ஆகவே மெல்லிய காற்றில் உங்களால் மிதக்க முடியாது. உங்கள் மனைவி பறந்த அதே காற்றில் உங்களைக் காத்திருக்கச் சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம். எடையைக் குறைத்துச் சொல்வது மட்டும் கூடவே கூடாது.

ஸ்கைடைவிங்கில்தான் 102 சிக்கலாகும். பல நிறுவனங்களின் மேல்வரம்பு 100 கிலோ, உடையோடு நிறுத்துப் பார்ப்பார்கள். சிலர் கூடுதல் கட்டணத்துடன், பெரிய உடலுக்குப் பழகிய பயிற்றுநர் இருந்தால் ஏற்பார்கள். முன்பே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கும்போது தரையைத் தொடும் வேகம் எடையோடு கூடுகிறது, வரம்பு வைத்திருப்பது அதனால்தான். புறப்படும் முன் மூன்று நான்கு கிலோ குறைக்க முடிந்தால் பிரச்சினையே இல்லை.

பிளெட்டன்பெர்க் பே விமானத் தளத்திலிருந்து சிறு விமானத்தில் 10,000 அடிக்கு ஏறுவார்கள். கீழே ராபர்க் தீபகற்பம் கடலுக்குள் நீண்டிருக்கும், கியூர்பூம்ஸ் கழிமுகம் வளைந்து தெரியும். அந்தக் கடற்கரையின் முழு அழகையும் ஒரே பார்வையில் தருவது இதுதான், மூன்றில் ஒன்றுக்கு மட்டும் வாய்ப்பு என்றால் இதையே சொல்வேன். காற்று லேசாகவும் மேகம் இல்லாமலும் இருக்க வேண்டும். தென்கிழக்குக் காற்று கடல் ஈரத்தைக் கொண்டுவந்து மலையில் மோதவிட்டுத் தாழ்வான மேகத்தைச் சேர்க்கும். அதனால் பாராகிளைடிங்குக்கு நல்ல நாளில் ஸ்கைடைவிங் நின்றுபோவது சகஜம். குளிர்காலத்தில் முகப்புகளுக்கு இடையே வரும் அமைதியான, தெளிந்த காலைதான் உங்களுக்கு வேண்டியது. அப்படியொரு காலை தெரிந்தால் முந்தின மாலையே அழைத்து முதல் விமானத்தில் இடம் கேளுங்கள்.

மேலே தரையைவிட ஏறக்குறைய 20 டிகிரி குறைவாக இருக்கும். கீழே 18 என்றால் அங்கே உறைநிலைக்குப் பக்கம். உடலை ஒட்டிய கம்பளிச் சட்டையும் மெல்லிய கையுறையும் போதும். கதவு திறந்ததும் கால்களை விமானத்தின் அடியில் மடக்கி, இடுப்பை முன்னே தள்ளி, தலையைப் பயிற்றுநரின் தோளில் சாய்க்க வேண்டும். குனிந்து கீழே பார்த்தால் வெளியேறும்போது புரளும். வெளியேறிச் சில நொடிகளில் ட்ரோக் என்ற சிறு பாராசூட்டை விடுவார்கள். இருவர் சேர்ந்த எடைக்கு அது இல்லாவிட்டால் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ட்ரோக் அதை 200 அளவில் பிடித்துவைக்கிறது. சுமார் 30 நொடி தடையற்ற வீழ்ச்சி, 5,000 அடி அளவில் பெரிய பாராசூட், பிறகு ஐந்தாறு நிமிட மிதப்பு. பெரிய பாராசூட் சரியாக விரியாவிட்டால் அதை வெட்டிவிட்டு ரிசர்வை இழுப்பார் பயிற்றுநர். அவர் மயங்கியே போனாலும் தானியங்கிக் கருவி உண்டு. பரவலாகப் பயன்படும் சைப்ரஸ் டான்டம் கருவி, 1,900 அடியில் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் தானே ரிசர்வைத் திறக்கும். பயிற்றுநரின் பாராசூட் பையில் அது பொருத்தி, இயக்கி வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்பது நியாயமான கேள்வி. நிறுவனம் தென்னாப்பிரிக்கப் பாராசூட் சங்கத்தின் கீழ் இயங்குகிறதா என்பதும் அப்படித்தான்.

டான்டம் குதிப்பில் அடிபடுவது பெரும்பாலும் கடைசி இரண்டு நொடியில். தரை நெருங்கும்போது கால் தானாகக் கீழே நீளும், அந்தக் கணத்தில் கணுக்கால் முறியும். முழங்காலுக்குப் பின்னால் கைகொடுத்துக் கால்களை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, உட்கார்ந்தபடி இறங்க வேண்டும். தொப்பை இருந்தால் இது நினைப்பதைவிடக் கடினம். புறப்படும் முன் ஒரு வாரமாவது நாற்காலியில் உட்கார்ந்து பழகுங்கள். சளி, மூக்கடைப்பு இருந்தால் குதிக்காதீர்கள். வேகமாக இறங்கும்போது காதில் அழுத்தம் சமமாகாமல் செவிப்பறை பாதிக்கப்படும். நடுவில் ஸ்கூபா டைவிங் செய்யும் எண்ணம் இருந்தால் அதற்கும் விமானம் ஏறுவதற்கும் இடையே 24 மணி நேரம் விடுங்கள்.

புளூக்ரான்ஸ் பங்கியைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம், அது ஒன்றுதான் வானிலைக்கு அவ்வளவாக அடங்காதது. இடியும் மிகப் பலத்த காற்றும் தவிர மற்ற நாளில் நடக்கும். 1984-இல் கட்டி முடித்த வளைவுப் பாலம், ஆற்றுக்கு மேலே 216 மீட்டர். மேற்கு கேப், கிழக்கு கேப் மாகாணங்களின் எல்லை அது. 1997 முதல் அங்கே பங்கி நடக்கிறது. எடை எடுத்து, அதற்கேற்ற ரப்பர் கயிற்றைத் தேர்ந்தெடுப்பார்கள், 102 கிலோ அங்கே சாதாரணம். உடலில் ஹார்னஸ் என்ற பட்டைக்கட்டை மாட்டி, சாலைக்கு அடியில் தொங்கும் இரும்புவலை நடைபாதை வழியாக வளைவின் உச்சிக்கு நடத்திச் செல்வார்கள். காலடியில் வலைக்குக் கீழே பள்ளத்தாக்கு அப்படியே தெரியும். உயரப் பயம் உள்ளவர்களுக்குக் குதிப்பதைவிட இந்த நடைதான் சோதனை. அங்கே கணுக்கால்களில் திண்டு சுற்றிப் பட்டை கட்டுவார்கள், அது ஹார்னஸோடும் இணைந்திருக்கும். கால் விரல்கள் விளிம்பைத் தாண்டி நிற்கும்படி நிறுத்தி எண்ணுவார்கள். எண்ணி முடிக்கும்போது கைகளை விரித்து எதிரே தெரியும் மலையை நோக்கிப் பாயுங்கள். தயங்கிக் காலை முன்னே விட்டு இறங்கினால் கயிறு இழுக்கும்போது உடல் வெடுக்கென்று தலைகீழாகும், கழுத்துக்கும் முதுகுக்கும் அது நல்லதல்ல.

துள்ளல் அடங்கியதும் தலைகீழாகத் தொங்கும் சில நிமிடங்களில் கணுக்கால் பட்டை நழுவுவதுபோலத் தோன்றும். அது நழுவுவதில்லை, எடை முழுவதும் அங்கே தொங்குவதால் வரும் உணர்வு. கூடுதல் பிடிப்பாக ஹார்னஸ் இருக்கிறது. மேலிருந்து ஒரு பணியாளர் கயிற்றில் இறங்கி உங்களை நிமிர்த்தி, கூடவே மேலே ஏற்றிவருவார். உயர் மைனஸ் பவர் கண்ணாடி அணிபவர்கள், விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் பங்கி செய்யக் கூடாது. தலைகீழ் நிலையின் திடீர் அழுத்தத்தில் கண்ணுக்குள் இரத்தக் கசிவு ஏற்பட்ட மருத்துவப் பதிவுகள் உண்டு. கட்டுப்படாத இரத்த அழுத்தம், வலிப்பு, முதுகுத்தண்டுப் பிரச்சினை, கர்ப்பம் ஆகியவை இருந்தால் இதில் எதுவுமே வேண்டாம்.

மனைவியின் பயத்தைப் பொறுத்தவரை, உயரப் பயம் எல்லா உயரத்துக்கும் ஒன்றல்ல. விளிம்பில் நிற்கும்போது வரும் பயம் பலருக்கு 10,000 அடியில் வருவதில்லை. அங்கே தரை ஒரு வரைபடம்போல இருக்கும், தன்னைத் தரையோடு இணைத்துப் பார்க்க மனத்துக்கு எதுவும் கிடைக்காது. ஆகவே பங்கி முடியாதவர் ஸ்கைடைவிங் செய்ய முடியும், இது வினோதமல்ல. முதலில் ஸ்டார்ம்ஸ் ரிவர் கிராமத்தில் சிட்சிகாமா காட்டு ஜிப்லைனில் (கம்பியில் தொங்கிச் சறுக்குவது) தொடங்கச் சொல்லுங்கள். 2001 முதல் நடக்கும் அந்தப் பயணத்தில் பெரிய எல்லோவுட் மரங்களில் கட்டிய மேடைகளிலிருந்து மேடைகளுக்குச் சறுக்குவார்கள். 30 மீட்டர் வரை உயரம், ஆனால் சுற்றிலும் இலையும் கிளையும் மறைத்திருப்பதால் பயம் குறைவு. சாதாரண மழையிலும் நடக்கும், எனவே மழை நாளுக்கு இதை ஒதுக்குங்கள். பாலத்தில் குதிக்காமல் நடந்து பார்த்துவர மட்டும் தனிச் சீட்டு உண்டு, அதையும் அவர் தேர்ந்தெடுக்கலாம். மோசல் பேயில் கடலுக்கு மேலே 1,100 மீட்டர் நீள ஜிப்லைனும் இருக்கிறது. நைஸ்னாவிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும் என்பதால் வந்து இறங்கும் நாளிலோ திரும்பும் நாளிலோ சேர்த்துக்கொள்ளலாம்.

உடை விஷயத்தில் நம்மவர்களுக்கென்றே சில: துப்பட்டா, தளர்ந்த குர்தா வேண்டாம். வளையல், மெட்டி, கொலுசைக் கழற்றிவிடுங்கள். தாலிச் சங்கிலி மார்புப்பட்டைக்கு அடியில் அழுந்திக் காயப்படுத்தும். கழற்ற மனமில்லாவிட்டால் உடைக்குள் போட்டு, பட்டை படாத இடத்தில் ஊக்கால் குத்திக்கொள்ளுங்கள். நீளப் பின்னலைக் கொண்டையாக்கி ஹெல்மெட்டுக்கோ காலருக்கோ உள்ளே விட வேண்டும். ஜிப்லைன் உருளையில் முடி சிக்குவது உண்மையான ஆபத்து. கயிறு கட்டும் ஷூதான், செருப்பு கூடாது.

வானிலையால் நிறுத்தினால் பணம் திரும்பக் கிடைக்குமா, நாள் மாற்றலாமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். பெரும்பாலானோர் தருவார்கள். விளிம்புவரை போய்த் திரும்பினால் தரமாட்டார்கள். பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டு விலக்குப் பட்டியலில்தான் வழக்கமாக இருக்கும். கூடுதல் பிரீமியம் கட்டி, பங்கி, ஸ்கைடைவிங், பாராகிளைடிங் மூன்றின் பெயரும் ஆவணத்தில் தனித்தனியே வந்திருக்கிறதா என்று கையெழுத்திடும் முன் பாருங்கள். "சாகச நடவடிக்கைகள்" என்று பொதுவாக எழுதியிருந்தால் அதில் விமானத்திலிருந்து குதிப்பது அடங்குமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.